ஐந்து கண் அகலம்

எட்டாம் வகுப்பில் என் முகத்தை நான் பாதிதான் வரைந்தேன். மீதிப் பாதி தானாக வந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆனால் வேலையைப் பாதியாகக் குறைப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல சாமர்த்தியம் உண்டு.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளின் பின்கட்டில் விசைத்தறி ஓடும். எங்கள் வீட்டில் நான்கு தறி. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. சாப்பிடக் கூப்பிட்டால்கூடச் சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

என் இடது கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் நிலைப்படியில் விழுந்து கண்ணோரம் கிழிந்துவிட்டது என்பது வீட்டில் எல்லோரும் சொன்ன கதை. நடந்தது வேறு. ஒரு நாள் தறிக்காரர் வரவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தறியை ஓட்டியிருக்கிறாள். நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற நாடா, தறியைவிட்டுத் துள்ளி வந்து என் மேல் பட்டுவிட்டது. அதன் முனை இரும்பு. பார்வைக்குப் பழுதில்லை. தையல் போட்ட இடம் இழுத்துக்கொண்டு, கண்ணின் ஓரம் கீழே இறங்கிக் கொஞ்சம் சுருங்கிப் போனது. இதெல்லாம் பத்தொன்பது வயதில், எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது, அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் நான் நிலைப்படியைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போகும்போதும் வரும்போதும் அதை ஒரு மிதி மிதித்து, அம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘அரைக்கண்ணு’ என்று பட்டப்பெயர். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. என் பெஞ்சிலேயே ஒருத்தி ‘மொளகா மூடை’, இன்னொருத்தி ‘தகர டப்பா’. பட்டப்பெயர் இல்லாதவள்தான் எங்களுக்குள் பாவப்பட்டவள்.

எங்கள் டிராயிங் சார் அதுவரை மாம்பழம், தேசியக் கொடி, குடம் என்று வாரம் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒரு நாள், “அவங்கவங்க மூஞ்சிய அவங்கவங்க வரையணும். வீட்ல இருந்து கண்ணாடி கொண்டாங்க” என்றார். ஆண்டு விழாவில் படங்களைக் கண்காட்சி வைக்கப் போவதாகவும், நன்றாக வந்த பத்துப் படம் மட்டும்தான் மாட்டப்படும் என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பத்தில் ஒன்றாக வர வேண்டும் என்று ஒரே வெறி. ஓட்டப் பந்தயம், பாட்டு, கோலம் எதிலும் நான் தேறியதில்லை. அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து பெருமையாகப் பார்க்கிற மாதிரி ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அம்மா கண்ணாடி தர மாட்டேன் என்றுவிட்டாள். “கண்ணாடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உனக்குத்தான் நான் தலை சீவி விடுதேன்லா, பொட்டு வச்சு விடுதேன்லா, அப்புறம் என்ன?” என்றாள். பதிமூன்று வயதுப் பெண்ணுக்குத் தினமும் முகம் கழுவிப் பொட்டு வைத்துவிடுகிற அம்மா ஊரில் வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அதை நான் செல்லம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் சித்தப்பாதான் தன் சவரக் கண்ணாடியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

வகுப்பு முழுக்கக் கண்ணாடிகள். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள் உடைந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு நேரத்தில் மூக்கு மட்டும்தான் தெரியும். சார் போர்டில் முட்டை மாதிரி ஒன்றைப் போட்டு, நட்டநடுவே ஒரு கோடு இழுத்து, “கண்ணு இங்கன இருக்கு” என்றார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கண் நெற்றிக்குக் கீழே, அதாவது கிட்டத்தட்ட உச்சியில்தானே இருக்கிறது? எல்லோரும் அப்படித்தான் வரைந்திருந்தோம். சார் ஆளுக்கொரு ஈர்க்குச்சி கொடுத்து அளக்கச் சொன்னார். அளந்தால், அடேயப்பா, உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண் இருக்கிறது. இத்தனை வருஷமாக நம் தலையிலேயே இருந்தும் தெரியவில்லையே என்று எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நாங்கள் ஈர்க்குச்சியும் கையுமாக அலைந்தோம். உயிரோடிருக்கிற ஆளை அளந்தால் ஆயுசு குறையும் என்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. ‘மொளகா மூடை’ தூங்கிக்கொண்டிருந்த தன் தாத்தாவை அளந்து, அவர் விழித்துப் பார்த்து, தனக்குப் பாடைக்குத்தான் அளவெடுக்கிறார்கள் என்று கூப்பாடு போட்டு, தெருவே கூடிவிட்டது.

முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம் என்பது அடுத்த பாடம். அந்த அளவில் முகத்தை வீட்டிலேயே வரைந்துவரச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கம் கோணுகிறது. எங்கள் சித்தப்பா சேலைக் கரைக்குப் பூ வரைகிறவர். பூவில் பாதியைத்தான் வரைவார். தாளை மடித்து, டம்ளர் அடியால் தேய்ப்பார், மறுபாதி பதிந்துவிடும். நானும் அதையே செய்தேன். வலது பக்கத்தை வரைந்தது என் கைக்கு அந்தப் பக்கம் வசதியாக இருந்ததால்தான். சத்தியமாக வேறு காரணமில்லை.

அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கியவள் கீழே வைக்கவில்லை. இரண்டு கண்ணும் அச்சடித்தது போல ஒன்றாக இருந்தன. “யார்ட்டி இது? நீயா? என் ராசாத்தி!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆண்டு விழாவுக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சார் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தாளில் மடிப்புக் கோடு தெரிந்தது.

“பாதிய வரைஞ்சு மடிச்சுட்டியோ? இது மூஞ்சி இல்லட்டி, சேலைக் கரை. கண்ணாடியில என்ன தெரியுதோ அதைப் போட்டுக் கொண்டா.”

“அஞ்சு கண்ணுன்னு சொன்னீங்களே சார், நான் எந்தக் கண்ண வச்சு அளக்க?” என்று கேட்டேன்.

வகுப்பே சிரித்தது. நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எனக்கு இரண்டு கண்ணும் இரண்டு அளவு, எதை வைத்துக் கூட்டுவது என்று நிஜமாகவே தெரியவில்லை. சார் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வலது கண்ண வச்சு அள. இடது கண்ண உள்ளபடி போடு” என்றார்.

நான்கு நாள் மத்தியான இடைவேளையில் வகுப்பிலேயே உட்கார்ந்து வரைந்தேன். அந்தக் கண்ணை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. இமை எங்கே மடங்குகிறது, ஓரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஈர்க்குச்சியில் நகத்தால் அடையாளம் வைத்து வைத்துப் போட்டேன். வலது கண்ணைவிட ஒரு நெல் அளவு குறைவு. முடித்துக் கொடுத்ததும் சார் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, “அளவுன்னா இது” என்றார். பத்துப் படத்தில் முதல் படம் என்னுடையது. வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. அம்மா வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று இருந்தேன்.

ஆண்டு விழாவன்று அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில், எதிர்வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். படங்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். நான்தான் பேசினேன். இந்தக் கண் வலது கண்ணைவிட ஒரு நெல் கம்மி, இந்த ஓரம் இவ்வளவு கீழே, மூன்று தடவை அளந்தேன், வகுப்பிலேயே இதுதான் சரியான அளவு என்று சார் சொன்னார், என்று ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக் காட்டினேன்.

அம்மா மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். என்னிடம் இல்லை. பக்கத்தில் நின்ற சாரிடம்.

“சார், இந்தக் கண்ண மட்டும் லேசாத் தெறந்து விட்டுருங்களேன்.”

“அது உங்க மக அளந்து போட்டதும்மா. நான் கை வைக்கக் கூடாது” என்றார் சார்.

“ஒரு கோடுதான சார். அந்த ஒரு கோட்ட மேல ஏத்திட்டாப் போதும். உங்ககிட்ட ரப்பர் இருக்குல்லா?”

சொல்லிக்கொண்டே அவள் கை படத்துக்குப் போய்விட்டது. நான் தறி வீட்டுக் குரலில், “தொடாதம்மா! கெடுத்துராத!” என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு அக்கா அம்மாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்.

வீட்டுக்குப் போகும்போது நான் பத்தடி முன்னாலேயே நடந்தேன். இரண்டு நாள் அம்மாவைத் தலை சீவ விடவில்லை, பொட்டு வைக்க விடவில்லை. நான்கு நாள் பாடுபட்டு வரைந்ததை ஒரு நிமிஷத்தில் அழிக்கப் பார்த்தாளே, அளவைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பதினோரு வருஷமாக அவள் அந்த ஒரு கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.