அண்ணன் கட்டிய பெட்டியின் சூடு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தண்ணீரில் குளிர்ந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, காலேஜில் படிக்கும்போது அண்ணன் கட்டியது. பிராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டினான். ஏற்றினால் சூடாகும். அதனால் பிராசஸர் மேல் ஒரு செம்புக்கட்டி, அதற்குள் தண்ணீரைத் தள்ள மீன்தொட்டி மோட்டார், சூடான தண்ணீர் ஆறுவதற்குப் பழைய காரில் கழற்றிய சின்ன ரேடியேட்டர். எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றத்தில் அதைப் பார்க்காதவர்களே இல்லை. இட்லி வேகுமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும் என்றான் அண்ணன். அப்பா விடவில்லை. நாங்கள் சமணர்கள், துணியில் வடிகட்டாத தண்ணீரைப் புழங்கமாட்டோம். "கடைத் தண்ணிய எவன் வடிகட்னானோ, யாருக்குத் தெரியும்?" என்று எங்கள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு முறை வடிகட்டி அவரே ஊற்றினார். அன்று இரண்டு பேரும் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான், கூட வேலை செய்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். கறி சமைக்கிற வீட்டுப் பெண். "அவன்கூட எனக்கு இனிமே பேச்சு இல்ல" என்றார் அப்பா. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சண்டை போட நான் ஒருத்திதான் இருந்தேன். போட்டேன். அப்பா அசையவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் நான் பட்டுக் கடைகளுக்குப் புடவை டிசைன் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெயில் காலத்தில் வேலைக்கு நடுவே அது தானாக அணைந்தது. திரும்பப் போட்டுச் சூட்டைப் பார்த்தால் எழுபத்தைந்து டிகிரி காட்டியது.

"அண்ணனக் கேட்டாத்தான்பா தெரியும்" என்றேன்.

அப்பா பேப்பரை இறக்கவில்லை. "மிசினப் பத்தி மட்டும் கேளு."

அண்ணன் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டான். ஃபேன் சுற்றுகிறதா, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, காற்றுக் குமிழி நிற்கிறதா. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"தண்ணி என்னா கலர்ல இருக்குதுமா?"

"பச்சையா."

பாசி. கிணற்றுத் தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது. செம்புக்கட்டியின் சந்துகளை அடைத்துக்கொண்டு தண்ணீரை ஓடவிடாமல் செய்திருந்தது. பாசியைக் கொல்ல ஒரு மருந்து இருக்கிறது, நாலு சொட்டு விட்டால் திரும்ப வராது என்றான். நான் அதை அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

"அதுவும் உயிருதான். ஊத்தக்கூடாதுனு சொல்லு" என்றார் அப்பா.

"அப்ப ஸ்பீடையாவது கொறைச்சிடுமா, சூடு தானா எறங்கிடும்" என்றான் அண்ணன். அதையும் திருப்பிச் சொன்னேன்.

"வாணாம். அவன் வெச்சது வெச்சாப்லயே இருக்கட்டும்."

பாசித் தண்ணீரை அப்பா வாளியில் பிடித்து, வந்த கிணற்றுக்குள்ளேயே மெதுவாக விட்டார். வடிகட்டிய துணியில் தங்குவதை அப்படித் திருப்பி விடுவதுதான் எங்கள் வழக்கம். பிறகு புதுத் தண்ணீரை வடிகட்டி ஊற்றினார். சில மாதங்களில் மறுபடியும் பச்சை, மறுபடியும் சூடு, மறுபடியும் போன்.

போகப்போக எனக்கு விளங்கியது. அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேள்விகளை எடுத்துவிடுவார். "அந்த ஊரு குளிர்ல இந்த மாதிரி சூடாவுமானு கேளு." இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகமுடியாது என்பான் அண்ணன். சொன்னால் அப்பாவின் முகம் தெளியும். "வேலை செய்ற எடத்துல அவனுக்கு ஏசி இருக்குதானு கேளு, மிசினுக்காகத்தான் கேக்கறேன்." சிரிப்பை அடக்குவதற்குள் எனக்கு உயிர் போகும். பாசிக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொள்வேன்.

அடுத்த தீபாவளிக்கு அண்ணனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. தண்ணீரே தேவைப்படாத, காற்றாடி வைத்த பெரிய செம்புக் கூடு. போனில் அவன் குரலில் அத்தனை சந்தோஷம். "இனிமே தண்ணி மாத்தற வேலையே இல்லமா. அப்பாவுக்கும் உயிர் போவுதேன்னு மனசு கஷ்டப்படாது. மாசம் முழுக்கத் தேடிப் புடிச்சேன்."

நான் திருப்பிச் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"நாம கேட்டுக்கினே இருக்கறது அவனுக்குத் தொந்தரவா இருக்குது போல" என்றார்.

அப்படியில்லை என்று எவ்வளவோ சொன்னேன். கூட்டை மாட்டினோம். நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டவே இல்லை. அப்பாவுக்கு அண்ணனைக் கூப்பிடக் காரணமும் இல்லாமல் போயிற்று. தன் அக்கறையே அப்பாவின் வாயை அடைத்துவிட்டது என்று அவனுக்குத் தெரியாது. அவ்வளவு ஒழுங்காக ஓடிய மிஷின்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். டாக்டர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணனுக்குப் போன் போடு" என்றார்.

"என்னான்னு சொல்லட்டும்பா?"

"மிசினு சூடாவுதுன்னு சொல்லு."

பக்கத்து அறையில் அது குளிர்ந்துபோய் ஓடிக்கொண்டிருந்தது. நான் செல்போனில் நம்பரைப் போட்டேன். அண்ணன் எடுத்தான். மிஷின் சூடாகிறது என்றதும், "எவ்ளோ காட்டுது?" என்றான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார். பாசிக்கு மருந்து ஊற்றாத மனிதர், வாழ்நாளில் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"எண்பதுபா" என்றார். "ரொம்ப சூடு. நீ வந்து பாத்தாத்தான் ஆவும்."

அந்தக் கூட்டைத் தேடிப் பிடித்து அனுப்பியவனே அவன்தான். எண்பது வராது என்று அவனுக்குத் தெரியாதா?  "தோ வந்துக்கினே இருக்கேன்பா" என்று அவன் அழுவது எனக்கே கேட்டது.

அவன் சாயங்காலம் வந்து சேர்ந்தான். அதற்குள் அப்பா போய்விட்டிருந்தார்.