ஒரு வாய்

எங்கள் விளையாட்டு விடுதியில் அவளுக்குப் பெயர் டப்பா. எங்களுக்கெல்லாம் தட்டு, அவளுக்கு மட்டும் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். என்னை வாயாடி என்பார்கள். அது யாரும் வைக்காமல் தானாகவே ஒட்டிக்கொண்ட பெயர்.

சமையலறை மூலையில் தனக்கென்று ஒரு குக்கரும் ஒரு கரண்டியும் வைத்திருந்தாள். கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் சுற்றியிருப்பாள். சமையல்கார அண்ணனுக்கு அந்த நூலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்மா, என் கரண்டியில என்ன விஷமா இருக்கு?"

"ஆமாண்ணா. எனக்கு மட்டும்."

அவளுக்கு சீலியாக் என்ற நோய். கோதுமை, மைதா, ரவை எதுவானாலும் துளி உள்ளே போனால் அவள் உடம்பு தன் குடலையே தாக்க ஆரம்பித்துவிடும். மருந்து கிடையாது, விலகி இருப்பது ஒன்றுதான் வழி. டாக்டர் எழுதிக் கொடுத்ததை எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒரே அறையில் இருந்த நான் தினமும் அதைப் பார்த்தபடிதான் தலை வாரினேன். மண்டையில் மட்டும் ஏறவில்லை.

நானூறு மீட்டரில் அவளை அடிக்க எங்களில் ஆளில்லை. கடைசி நூறு மீட்டரில் நாங்கள் எல்லாம் நின்றுகொண்டிருப்பதுபோல் ஆகிவிடும். எப்போதும் இரண்டாவதாக வரும் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மைதானத்தை விட்டு வந்ததும், பன்னையும் பிஸ்கட்டையும் பிய்த்துப் பகிர்ந்துகொள்ளும் எங்கள் கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஜன்னலோர மேஜையில் தனியாக உட்காருவாள். துணுக்கு விழுந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. ரொம்பத்தான் பந்தா என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

யாருக்காவது பிறந்தநாள் என்றால் முதல் ஆளாகப் போனைக் கையில் எடுப்பாள். "நான் போட்டோ எடுக்கறேன்." போட்டோ எடுப்பவளுக்கு யாரும் கேக் ஊட்ட மாட்டார்கள் அல்லவா? அப்படியும் யாராவது சீண்டுவார்கள். "ஒரு வாய்தானேடீ, ஒண்ணும் ஆகாது." அவள் சிரித்து மழுப்புவாள். விடுதியின் கேக் படம் ஒன்றில்கூட அவள் இல்லை.

அந்த வருஷம் பெரிய பயிற்சி மையத்துக்குத் தேர்வு வந்தது. நானூறு மீட்டரில் முதலாவது வருபவருக்கு ஒரே ஒரு இடம். அங்கே தனிச் சமையல் உண்டு, இதே நோயோடு இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று கோச் அவளிடம் சொல்லிவிட்டார்.

"ஒரே மேஜையில மூணு பேர். நினைச்சுப் பாரு," என்றாள் என்னிடம். ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பேச்செல்லாம் அந்த மேஜைதான்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு என் பிறந்தநாள். அவள் போனை எடுத்தாள். நான் அதைப் பிடுங்கி வேறொருத்தியிடம் கொடுத்தேன்.

"இன்னிக்கு என் கையால ஒரு வாய். நான் உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் கேக்கைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். ஒரே கைதட்டல். ஒருத்தி அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. கன்னத்தில் கிரீமோடு அவள் இருக்கும் ஒரே படம் அதுதான்.

மறுநாள் முழுக்கக் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். தேர்வன்று கோச் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஓடினாள். முன்னூறு மீட்டர் வரை எனக்கு முன்னால்தான் போனாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டாள். நான் அவளைத் தாண்டி ஓடினேன். முதலாவதாக வந்தது நான்.

கோச்சிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வாயில் வந்தபடி திட்டினார். ஆனால் முடிவு முடிவுதான் என்றார்.

"தெரிஞ்சும் ஏன்டீ சாப்பிட்ட?" என்று அவளிடம் கேட்டேன்.

"எல்லாரும் எனக்காகக் காத்துட்டு இருந்தீங்க. அப்படி யாரும் இருந்ததே இல்ல."

அதன் பிறகு விடுதியே அவள் விஷயத்தில் திருந்திவிட்டது. அவள் வந்தால் பிஸ்கட் பாக்கெட் ஒளிந்துகொள்ளும், பேச்சு நின்றுபோகும். சமையல்கார அண்ணன்கூட சிவப்பு நூல் கரண்டியைத் தொடுவதில்லை. ஜன்னலோர மேஜைப் பக்கம் யாரும் போவதே இல்லை.

நான் பயிற்சி மையத்துக்குக் கிளம்பும் நாளில் கேக் வந்தது. அவள் போனை எடுத்தாள். வரிசையாக எல்லாருக்கும் ஊட்டிக்கொண்டு வந்த நான், அவளிடம் வந்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டு அடுத்தவளிடம் போனேன்.

கை கழுவும் குழாயடியில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு வாய் வேணுமான்னு கேட்டிருக்கலாம்ல?"

"பைத்தியமா உனக்கு? பட்டது போதாதா?"

"நான் சாப்பிட மாட்டேன்," என்றாள். "வேணாம்னு நான் சொல்லிக்கறேன். நீங்க கேக்கவாவது கேளுங்க."