ரோகிணி நட்சத்திரத்து மாடி

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் கடை வைத்திருந்தபோது, பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். கீழே கடை, முதல் மாடியில் நாங்கள். அதற்கும் மேலே ஒரு மாடி எழுப்பி என் தங்கையைக் குடிவைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அவள் சேத்தியாத்தோப்பில் டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வாடகை அறையில் தனியாகப் பொங்கித் தனியாகச் சாப்பிடுகிறாள் என்ற நினைப்பே எனக்குச் சோற்றை இறங்கவிடாது.

ஆனால் எங்கள் மனையின் அளவுக்கு இரண்டாவது மாடிக்கு அனுமதி கிடையாது. அந்த நேரம் பார்த்து ஒரு சலுகை வந்தது. கரண்ட் குறைவாகச் செலவாகும்படி கட்டி, அதற்குச் சான்றிதழும் வாங்கினால் கூடுதலாக ஒரு மாடி கட்டிக்கொள்ளலாம். என் கணவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து மேலே ஓடிவந்தார். சென்னையில் இந்தச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்து தருகிற ஒரு ஆபீசையும் பிடித்துவிட்டார்.

அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தோம். மேற்குப் பக்கத்து ஜன்னல்களை வடக்கே மாற்றினோம். வெயில் இறங்காமலிருக்க மொட்டை மாடியில் வெள்ளையாக ஏதாவது பதிக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் வெள்ளைக்கா பஞ்சம்? பீங்கான் சூளைகளில் ஒதுக்கிப் போட்ட கப்பு, சாஸர்களை வண்டியில் அள்ளிவந்து, சில்லு சில்லாக உடைத்துப் பதித்தோம். சித்திரை மாதத்தில்கூட அதன்மேல் வெறுங்காலோடு நிற்கலாம்.

சான்றிதழ் வருவதற்குள் அங்கே ஒரு வீடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிற தங்கை, ஒரு கரிக்கட்டியை எடுத்துக்கொண்டு நேராக மேலே ஏறுவாள். வெள்ளைத் தரையில் கோடு போட்டு அறை பிரிப்பாள். இது அடுப்படி, இது படுக்கிற அறை, ஜங்ஷன் பக்கம் பார்த்த இந்த ஜன்னலில் உட்கார்ந்தால் ரயில் தெரியும். நான் டீயை எடுத்துக்கொண்டு குறுக்கே நடந்தால் கத்துவாள்.

“செவுத்துக்குள்ள பூந்து வரியேக்கா! வாசப்படி இந்தப் பக்கம் இருக்குது.”

நானும் சுற்றிப் போய், இல்லாத வாசற்படியில் காலை எடுத்து வைத்து உள்ளே போவேன். நாற்பதை நெருங்கிய இரண்டு பொம்பளைகள் சொப்பு வைத்து விளையாடியதுபோலத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் ஏங்கிப் போகிறேன்.

காரியத்தைக் கெடுத்தது ஒரு போன். சென்னை ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் பேசினாள். எந்த அளவுக்குக் கரண்டை மிச்சப்படுத்துகிறதோ, அந்த அளவுக்குக் கட்டடத்துக்கு ஸ்டார் கொடுப்பார்கள். அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்: “உங்க கட்டடத்துக்கு என்ன ஸ்டார் சார் போடணும்?”

என் கணவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “ரோகிணிங்க. கடக்கால் போட்டதே ரோகிணியிலதான்.”

அந்தப் பெண்ணோ அதைக் கட்டடத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டாள். விண்ணப்பம் ‘ரோகிணி’ என்ற பெயரில் போனது. பத்திரத்தில் அப்படி ஒரு கட்டடமே இல்லை என்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்புவதற்குள் அரசாங்கம் விதியை மாற்றிவிட்டது. இனிமேல் பெரிய கட்டடங்களுக்கு மட்டும்தான் சான்றிதழாம். கடையும் வீடும் சேர்ந்த எங்களுடையதுபோன்ற சின்னக் கட்டடங்கள் கணக்கிலேயே வராதாம்.

நான் ஆடித் தீர்த்துவிட்டேன். “மெட்ராஸ்லேர்ந்து போன் பண்ணி நட்சத்திரமா கேப்பாங்க?”

“வூடு கட்டுறவன்கிட்ட ஸ்டார் என்னான்னு கேட்டா, வேற என்னாடி சொல்லுவான்?” என்றார் பாவமாக. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

தங்கை அடுத்த வருஷமே பேங்க் லோன் போட்டு, சேத்தியாத்தோப்பிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டாள். புதுமனைப் புகுவிழாவுக்குப் போனேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

கொஞ்ச காலத்தில் விதி மறுபடியும் மாறியது. சின்னக் கட்டடங்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். என் கணவர் உடனே அவளுக்குப் போன் போட்டார்.

“அதுக்கென்னா மாமா, கட்டுங்க. நல்ல ஆளா பாத்து வாடகைக்கு வுடுங்க,” என்றாளாம். அவர் போனை என்னிடம் நீட்டினார்.

“நீ வரலன்னா எனக்கு எதுக்குடி மாடி?” என்றேன். அழுகை வந்துவிட்டது. அவளுக்காக, அவளுக்காக என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என்னுடைய ஆசையாகத்தான் இருந்திருக்கிறது.



“எங்க வூட்டுல ஒரு ரூம் ஒனக்குன்னுதான்க்கா போட்டேன். நீ இன்னும் ஒரு ராத்திரிகூட வந்து தங்கல,” என்றாள்.