மழை கம்மியான ஊர்

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே திரௌபதி கேட்கிறாள்: "யுவர் ஊர்ல ரெயின் ஜாஸ்தியா, கம்மியா?"

மூன்றாம் எண் அறைக்கு நேற்று வந்த டச்சுக்காரர் ஒரு கணம் விழிக்கிறார். பிறகு புரிந்துகொண்டு, இரண்டு கையையும் விரித்து ஏதோ நொந்துகொள்கிறார். "ஜாஸ்திதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். ஹாலந்து தீர்ந்தது.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த ஆறு அறை விடுதி அவளுடையது. தியானம் செய்ய வருகிறவர்களிடம் கடவுளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மழையைப் பற்றிக் கேட்காமல் யாரையும் விட்டதும் இல்லை. இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் வாயைக் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டாள், பாவம்.

எல்லாம் வினோதினிக்காக. ஒரே மகள். விமானம் ஓட்டப் படிக்க வெளிநாடு போகிறாள். அடி அண்ணாமலையில் இருந்த மனையை விற்றாகிவிட்டது. எந்த நாடு என்பதுதான் பாக்கி. இருநூறு மணி நேரம் பறந்தால்தான் லைசென்ஸ், வானம் மூடிக்கொண்டால் பறக்க விடமாட்டார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் மகள் சொல்லிவிட்டாள். திரௌபதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மழை கம்மியான ஊர் என்றால் பெண் சீக்கிரம் வீடு திரும்புவாள்.

படுக்கை விரிப்புகளை உலர்த்த மொட்டைமாடிக்குப் போனால் லேசில் இறங்கமாட்டாள். மலைக்கு மேலே, மிக உயரத்தில், ஏதாவது ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். திரௌபதியின் நினைப்பில் அதற்குள் வினோதினி உட்கார்ந்திருப்பாள். தலையைச் சாய்த்து, நம்ம மாடி எது என்று தேடுவாள். இவள் இங்கே ஈர விரிப்பைப் பிடித்தபடி அசையாமல் நிற்பாள், அவளுக்கு அடையாளம் தெரியட்டும் என்று. கீழே பால் பொங்கி அடுப்பே அணைந்திருக்கும். யாராவது கேட்டால், "காத்து நல்லா அடிச்சிது, நின்னுட்டேன்" என்பாள்.

கடைசியில் இரண்டு நாடுகள் மிஞ்சின. தென்னாப்பிரிக்காவில் நல்ல வெயில். பத்து மாதத்தில் முடிந்துவிடுமாம். நியூசிலாந்தில் மழையும் மேகமும். ஒன்றரை வருஷம் ஆனாலும் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று திரௌபதி நிம்மதியாக இருந்தாள். மகளோ நியூசிலாந்து என்றாள்.

"வெயில்லயே ஓட்டிப் பழகிட்டு, ஐப்பசி மழையில சென்னையில எப்பிடிம்மா எறக்குவேன்? பின்னாடி நூத்தம்பது பேரு உக்காந்துனு இருப்பாங்க."

"மழை விடற வரைக்கும் மேலயே சுத்தினு இரு."

"எத்தினி சுத்து? கிரிவலமாம்மா அது?" மகள் சிரித்தாள்.

திரௌபதிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒன்னர வருஷம்டி" என்றாள்.

மகள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சரி, நீயே சொல்லும்மா. நீ எந்த ஊரு சொல்றியோ அங்க போறேன்."

இரண்டு நாள் திரௌபதி யாரிடமும் மழையைப் பற்றிப் பேசவில்லை. ஜப்பானிலிருந்து வந்த ஒரு பெண் எந்த விசாரணையும் இல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தேரடி வீதிக்குப் போய்விட்டு வந்தாள். எந்த ஊர் என்று தெரியும் முன்பே ஆசை ஆசையாய் அடுக்க ஆரம்பித்திருந்த மகளின் பெட்டியைத் திறந்தாள். வாங்கி வந்த பெரிய கறுப்புக் குடை அதில் நேராகப் படுக்கவில்லை. துணிமணியை எல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். குடையை மூலைக்கு மூலை சாய்த்து வைத்துவிட்டு, அதன்மேல் மறுபடி ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.