அழுக்கு வீட்டுக்கு என்ன விலை?

ஆளில்லாத வீட்டின் கதவைக் கோர் தெயிக் வா மூன்று தடவை தட்டுவார். பதில் வராது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும், உள்ளே யாரோ சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வர அவகாசம் கொடுப்பதுபோல் ஒரு நிமிடம் நிற்பார். அப்புறம்தான் சாவியைத் திருப்புவார்.

இந்தத் தட்டலை வைத்துத்தான் தைப்பிங்கில் பேச்சு கிளம்பியது. கோர் வீடுகளை மதிப்பிடுவதெல்லாம் சும்மா, உள்ளே இருக்கும் பேயிடம் கேட்டு, அது சொல்கிற விலையை எழுதிக்கொண்டு வருகிறார் என்று பாதி ஊர் நம்புகிறது. மீதிப் பாதி, பேய்க்குக் கமிஷன் எவ்வளவு என்று விசாரிக்கிறது. நடந்தது வேறு. ஊர்ப்பேச்சை விட உண்மைக்குக் கொஞ்சம் குளிர் அதிகம்.

கோருக்கு வயது அறுபத்தொன்று. கையில் எப்போதும் குடை. மழைக்குப் பாதி, மீதி கரையானுக்கு. கதவு நிலையைக் குடை நுனியால் குத்திப் பார்ப்பார். நுனி உள்ளே போனால் உதட்டைப் பிதுக்குவார். சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது வைப்பார். குழாய்களைத் திறந்து மூடுவார். அலமாரிக்குள் தலையை நுழைத்து ஈரவாடை பிடிப்பார். பிறகு, அதே வரிசையில் சமீபத்தில் கைமாறிய மூன்று வீடுகளைப் பதிவேட்டில் தேடி எடுப்பார். மூலை வீடு என்றால் கொஞ்சம் கூட்டுவார். தெரு நேராக வந்து வாசலில் முட்டினால் கொஞ்சம் கழிப்பார். கூட்டிக் கழித்து வருவதுதான் விலை. "வீட்டுக்குச் சொந்தமா விலை கிடையாது, பக்கத்து வீட்டுக்குத்தான் இருக்கு" என்பார்.

இத்தனை வீட்டுக்கு விலை சொன்ன மனிதர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். மனைவி பத்து வருடமாக அக்காவோடு இருக்கிறாள். காரணம் கேட்டால், "மச்சான் வீட்டுக்கு உண்மையான விலையைச் சொல்லித் தொலைச்சேன்" என்று உப்புப் பிளம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்.

ஊய் பீ சூவின் வீட்டுக்கு அவர் போனது அவளுடைய அம்மா, அந்தக் கிழவி, இறந்த மூன்றாம் மாதம். பீ சூ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டது. வீடு இப்போது அவளுக்கும் அண்ணன் கொக் செங்குக்கும் பாதிப் பாதி. அண்ணன் வீட்டை எடுத்துக்கொண்டு அவள் பங்கைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. கோர் எழுதுவதே விலை என்று இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சந்தைக்குப் பின்னால் சின்ன அடுக்குமாடி வீடு ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். அதற்கு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் வெள்ளி வேண்டும். பங்கு அதற்குக் குறைந்தால் யார் வீட்டிலாவது பின்னறைதான்.

கொக் செங் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். உள்ளே கால் வைக்கவில்லை.

"கோரு, வீடு அழுக்கு. ஊருக்கே தெரியும். பார்த்துக் கால்வாசி குறைச்சிடு."

அந்த ஊரில் பேய் இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அழுக்கு' என்பார்கள்; கேட்பவர் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். கிழவி போன பிறகும் விடிகாலையில் பின்னறையில் துடைப்பம் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று இரண்டு பக்கத்து வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது கிழவி பெருக்கிய அதே நேரம்.

"அழுக்குன்னா கழுவி விட்டாப் போச்சு" என்றார் கோர்.

"நான் அந்த அழுக்கைச் சொல்லலே லா."

"எங்க அறிக்கைப் பாரத்துல அந்த ஒரு அழுக்குக்குத்தான் கட்டம் இருக்கு."

மூன்று தடவை தட்டினார். ஒரு நிமிடம் நின்றார். பீ சூ உள்ளே இருந்து சிரித்தாள். "நான்தான் இருக்கேனே, அண்ணே. யாருக்குத் தட்டுறீங்க?"

கோர் குடையைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றி, வெளியே பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அளவெடுக்கும் லேசர் கருவியில் அன்று பேட்டரி தீர்ந்திருந்தது. பழைய நாடாவை எடுத்தார். கூடத்துச் சுவரிலிருந்து பின்னறைக் கடைசிச் சுவர்வரை ஒரே இழுப்பில் அளப்பது அவர் வழக்கம். நாடாவின் நுனியைப் பின்னறையில் ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். அறைக்கதவு பாதி சாத்தியிருந்தது. அந்த முனை தெரியவில்லை. நாடா தொய்ந்து தரையில் கிடந்தது.

"பீ சூ, அந்த நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா."

நாடா மெல்ல எழும்பியது. விறைத்தது.

"சுவரோட ஒட்டி. ஆங், அப்படித்தான்."

முப்பத்தெட்டு அடி நான்கு அங்குலம். எழுதிக்கொண்டார்.

"அண்ணே, காப்பிக்குச் சர்க்கரை போடலாமா?"

குரல் அவருக்குப் பின்னால், வாசல் பக்கமிருந்து வந்தது. பீ சூ தட்டோடு நின்றாள். பக்கத்துக் கடைக்குப் போய்க் காப்பி வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவள் கண் மெதுவாக நாடாவைத் தொடர்ந்து பின்னறைக் கதவுவரை போனது. நாடா இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. துளி நடுக்கம் இல்லை.

கோர் தொண்டையைச் செருமினார். அறையைப் பார்த்து, பெரியவர்களிடம் பேசும் குரலில் சொன்னார்:

"போதும் ஆன்ட்டி. விட்டுடலாம்."

நாடா தரையில் விழுந்தது.

பீ சூ தட்டோடு வாசற்படிவரை பின்வாங்கினாள். கோர் தட்டை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. அவர் குரல் மட்டும்தான், இடையிடையே நிறுத்தி நிறுத்தி. "ம்" என்றார். "அப்படியா" என்றார். ஒரு தடவை சிரித்ததுபோலக்கூட இருந்தது. வெளியே வந்ததும் காப்பியைச் சர்க்கரை இல்லாமலே குடித்தார்.

மறுநாள் புது பேட்டரியோடு வந்து இன்னொரு தடவை அளந்தார். அதே முப்பத்தெட்டு அடி நான்கு அங்குலம். இம்மியும் பிசகவில்லை.

வெளியே கேட்டருகில் கொக் செங் காத்திருந்தான். "என்னாச்சு? பார்த்தியா? அழுக்குத்தானே?"

"தினம் விடிஞ்சதும் பெருக்குற வீடு எப்படிய்யா அழுக்காகும்?" என்றார் கோர். "உங்கம்மாவையா நீ அழுக்குங்கிறே?"

கொக் செங் கேட்டை விட்டு விலகினான். காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அறிக்கையில் வீட்டின் நிலை என்ற கட்டத்தில் 'சுத்தம்' என்று எழுதினார். அதே வரிசையில் விற்ற மூன்று வீடுகளைக் கூட்டிக் கழித்து, மதிப்பு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி. பீ சூவின் பங்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். போன மாதம் அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டாள். போகிற அவசரத்தில் பின்னறைப் பேச்சைப் பற்றி இரண்டு பேரிடம் சொல்லிவிட்டாள். தைப்பிங்குக்கு இரண்டு பேர் தாராளம்.

சந்தை முனையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கிற ரசாலி, பொட்டலம் மடிக்கும்போது கேட்டே விட்டான்.

"கோரு, மறைக்காமச் சொல்லு லா. கிழவி சொன்ன விலையைத்தானே எழுதுனே?"

கோர் பிளம் கொட்டையைத் துப்பினார்.

"போடா மடையா. கிழவி சொன்னது அறுபத்தெட்டுல அது வாங்குன விலை. பதினெட்டாயிரமாம். அதை எழுதியிருந்தா பீ சூ இன்னிக்கு நடுத்தெருவுல நின்னிருப்பா."