கிளிப்பச்சைச் சுவரும் சோடாபுட்டியின் கண்ணும்

என் இரண்டாவது அக்காவின் மூத்த மகனை எங்கள் வீட்டில் எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவோம். எழுத்துக் கற்கும் முன்பே கண்ணாடி போட்டவன். அவன் அப்பாவுக்கும் பார்வை மட்டம், சித்தப்பாவுக்கும் மட்டம். அந்த வம்சமே தடவித் தடவி நடந்த வம்சம். அப்படிப்பட்டவனுக்கு அமைந்த பிழைப்பைப் பாருங்கள், கல்யாணப் படங்களுக்கு நிறம் பார்ப்பது!

கேமரா கண்டதைக் கண்டபடியே வைத்திருக்கும் ரா ஃபைல்களை ஸ்டுடியோ முதலாளி அனுப்புவார். இவன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, இருட்டடித்த முகங்களுக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றுவான். மஞ்சள் விளக்கடியில் எடுத்த படமென்றால் வொயிட் பேலன்ஸை நீலப் பக்கம் நகர்த்தி, மாப்பிள்ளையின் சட்டையை வெள்ளைக்குக் கொண்டுவருவான். படத்தில் வெள்ளை எது என்று தொட்டுக் காட்டினால் கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்ளுமாம். அந்தப் பக்கமே போகமாட்டான்.

"என் கண்ணு பாக்காததையா அது பாத்துரப் போகுது?" என்பான்.

ஒருநாள் அவன் முடித்துக் கொடுத்த ஆல்பம் திரும்பி வந்துவிட்டது. மணப்பெண்ணின் பெரியம்மா ஸ்டுடியோவில் நின்று சத்தம் போட்டாளாம்: "நாங்க பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணினோமா, காமாலைக்கு வைத்தியம் பாத்தோமா?"

முதலாளி நல்ல மனுஷர், தன்மையாகத்தான் சொன்னார். "கண்ணை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிரு மாப்ளே. அதுவரைக்கும் வேற ஆளை வச்சுப் பாத்துக்கிறேன்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டான். கண் போனால் அவனுக்கு வேறு என்ன தெரியும்? ஆல்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் அறையில் விரித்தான். பெண் லட்சணமாக இருந்தாள். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தான். முகம் பச்சை பாரித்துக் கிடந்தது. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே.

"என்னங்க, பூனை மாதிரி உள்ளயும் வெளியயும் அலையிறீங்க?" என்றாள் அவன் மனைவி.

"உள்ள நல்லா இருக்கிற பொண்ணு வெளிய வந்தா பச்சையாயிடுறாடி."

அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். நாலு சுவரும் கிளிப்பச்சை. போன மாதம் அவன் வெளியூர் போயிருந்த சமயம், வந்ததும் அசந்துபோகட்டும் என்று அவளே ஏணி போட்டு அடித்த பெயிண்ட். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அறை முழுக்கப் பச்சை ததும்பியது. அந்தப் பச்சைக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான படம்கூட சிவப்பாகத் தெரிய, இவன் படத்தைப் பச்சைப் பக்கமே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறான்.

"அப்ப தப்பு உங்க கண்ணு மேல இல்ல. என் மேலதான்," என்றாள்.

அவனுக்கு வந்த சந்தோஷத்தில் கோபப்படத் தோன்றவில்லை. உடனே என் அக்காவுக்குப் போன் போட்டான். "அம்மா, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு! சுவருதான் கெட்டுப்போச்சு!"

"அப்ப சுவருக்கு ஒரு கண்ணாடி போட்டுவிடுடா," என்றாள் அக்கா.

ரா ஃபைல்கள் பழையபடியே பத்திரமாக இருந்ததால், கம்ப்யூட்டரைக் கூடத்து வெள்ளைச் சுவர் ஓரமாக நகர்த்திவைத்து முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்த முறை மாப்பிள்ளையின் சட்டையைத் தொட்டுக் காட்டி கம்ப்யூட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டான். அது சொன்னதும் இவன் கண் சொன்னதும் மயிரிழைதான் வித்தியாசம். புது ஆல்பத்தைப் பார்த்த பெரியம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுச் சொன்னாளாம், "எல்லாம் சரி, என்னைத்தான் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக் காட்டியிருக்கலாம்."

அதற்கு எக்ஸ்போஷரை எவ்வளவு ஏற்றுவது என்று இப்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.