லிஃப்ட் அக்காவின் குரல்

அந்த நகரத்திலேயே உயரமான குடியிருப்பு அது. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அந்தப் பக்கத்துச் சுவர்த் தகடுகள் தாமாகவே திரும்பி நிழல் கொடுக்கும். சன்னலுக்குத் திரை கிடையாது. "மறை" என்று சொன்னால் கண்ணாடியே பால் நிறமாகிவிடும். லிஃப்ட் மேலும் கீழும் போவது போதாதென்று பக்கவாட்டிலும் ஓடும். இத்தனைக்கும் மேல், அந்தக் கட்டடம் வாயைத் திறந்து பேசும். "கதவு மூடுகிறது, விலகி நில்லுங்கள்" என்று சொல்லும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிதான் லிஃப்ட் அக்கா.

ஒலிப்பதிவுக்கூடத்துப் பொறியாளர்கள் வைத்த பெயர் அது. முன்பு ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டடக் கம்பெனி அவளைக் கூட்டிவந்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தது. விசிறி போட்டால் மைக்கில் இரைச்சல் விழும் என்பதால் அறையில் விசிறி கிடையாது. வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் சாதாரணமாக ஒரு முறை, அவசரமாக ஒரு முறை, அன்பாக ஒரு முறை என்று பேசிப் பதிவு செய்வாள். அன்பாகப் பேசுவதுதான் அவளுக்குக் கஷ்டம். தாலி கட்டியவன் அப்படிச் செய்துவிட்டுப் போயிருந்தான்.

வெளியூரில் நல்ல வேலை என்று கிளம்பிப் போன மனிதன், போன இடத்திலிருந்தே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். அவளும் அழுதுகொண்டு பின்னால் ஓடவில்லை, கையெழுத்துப் போட்டுத் தலைமுழுகிவிட்டாள். அத்தோடு போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

புது வாக்கியங்கள் சரியாகக் கேட்கின்றனவா என்று பார்க்க ஒருநாள் கட்டடத்துக்குப் போயிருந்தாள். வரவேற்புக் கூடத்தில் அவள் காவலாளியிடம் ஏதோ கேட்க, பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதானே எங்க வீட்டுல பேசறவங்க? உங்க குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்!" என்றவள், திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்!"

வந்து நின்றவன், வெளியூர் போய் நோட்டீஸ் அனுப்பிய அவனேதான்; எப்போது திரும்பி வந்தானோ! தொப்பை மட்டும் புதுசு.

"வணக்கம். உங்களைப் பார்த்ததுல சந்தோஷம்" என்றான், ஏதோ அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவன்போல.

"இவருக்குக் கூச்சம் அதிகம் அக்கா. கல்யாணமே வேண்டாம்னு ரொம்ப நாள் தனிக்கட்டையா இருந்தவரு. என்னைப் பார்த்த பிறகுதான் மனசு மாறினாராம்" என்று அந்தப் பெண் வெகுளியாகச் சிரித்தாள்.

விட்டுவிட்டுப் போனதைக்கூட லிஃப்ட் அக்கா பொறுத்திருப்பாள். பத்து வருஷம் பொங்கிப் போட்டவளை, பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டானே! அங்கேயே குட்டை உடைத்திருக்கலாம். ஆனால் ஒரே நாளில் தீர்ந்துபோகிற தண்டனை அவனுக்குப் போதாது என்று தோன்றியது. இவனைத் தினம் தினம் வாட்ட வேண்டும் என்று கறுவிக்கொண்டே வீடு திரும்பினாள்.

மறுநாளே பொறியாளர்களிடம் யோசனை சொன்னாள். குழாய் சொட்டுவதும், குளிர்பெட்டி திறந்து கிடப்பதும், கட்டில்மேல் ஈரம் படுவதும் கட்டடத்துக்குத்தான் தெரிகிறதே, எடுத்துச் சொன்னால் என்ன? பொறியாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். அந்த வாக்கியங்களை மட்டும் அவள் வேறொரு குரலில் பதிவு செய்தாள். பத்து வருஷம் பெண்டாட்டியாக அவனிடம் பேசிய, சலிப்பும் உரிமையும் கலந்த குரல் அது. குடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்து ரசித்தார்கள். ஒருவனைத் தவிர. அவன் குழாயைத் திறந்தாலும் அவள், குளிர்பெட்டியைத் திறந்தாலும் அவள். சொந்த வீட்டிலேயே பூனைபோல நடக்க ஆரம்பித்தான். கட்டடத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் மனைவி அதை வேடிக்கையாகச் சொல்லச் சொல்ல, லிஃப்ட் அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

கடைசியில் அவன் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தான். குரலையே மாற்ற வேண்டுமாம். சங்கம் ஒத்துக்கொண்டால் அவளுக்கு வேலையும் போய்விடும், பழியும் பாதியில் நின்றுவிடும். கம்பெனி சார்பில் கூட்டத்துக்கு அவளையே அனுப்பினார்கள். பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். "குரல்ல என்ன குறைங்க?" என்று அவனைக் கேட்டார்.

"கரகரன்னு இருக்கு. தலைவலி வருது" என்றான். வேறு எதைச் சொல்ல முடியும், பாவம்!

"எனக்கு ஒண்ணும் அப்படித் தெரியலையே" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி.

"அந்த அம்மாவே வந்திருக்காங்க. மைக்ல ரெண்டு வார்த்தை பேசட்டும், எல்லாரும் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் டாக்டர்.

லிஃப்ட் அக்கா மைக்கின் முன்னால் வந்து நின்றாள். மரியாதையாகப் பேசத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அதைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே அந்தச் சலிப்புக் குரலை எடுத்தாள்.

"எத்தனை தடவைதான் சொல்றது? ஈரத்துண்டைக் கட்டில்மேல போடாதீங்கன்னு சொன்னா காதுலயே விழாதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போனிலிருந்து தலையை எடுக்காமலே அவன் முணுமுணுத்தான். அவன் முன்னாலும் ஒரு மைக் இருந்தது.

"சரி, விடுடி. எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். இனி லிஃப்ட் அக்கா பேச வேண்டிய அவசியமே இல்லை.

அவன் மனைவி நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"எந்த வீட்டுலங்க?" என்று கேட்டாள்.